இரண்டு காலைகளுக்கு நடுவே

ஆகஸ்ட் 4, திங்கள்

உறைகளைத் திறந்தார்கள். ஒத்துவரவில்லை.

என் தாளில் 3.1. வலையின் தாளில் 4.4. மேலாளர் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் கிழித்துக் கூடையில் போட்டார்.

எங்கள் நீர்நிலைக் கணக்குப் பிரிவில் இதுதான் வழக்கம். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். இரண்டு அறை, இரண்டு வழி. உறை திறக்கும் நாள்வரை அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். விடை ஒன்றானால் மேலே போகும். வேறானால் இரண்டும் குப்பை. பதினொரு வருடத்தில் இன்றைக்குத்தான் குப்பைக்குப் போயிருக்கிறது.

இந்தத் தடவை கேள்வி இது: மழைக்காலத்தின் தொண்ணூறு நாளில், ஏரியின் நீர்மட்டம் அளவுகல்லில் இருக்கும் சிவப்புக் கோட்டை ஒரு தடவையாவது தொடுவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? நாலுக்கு மேல் என்றால் ஏரிக்குக் கீழே இருக்கும் நான்கு தெருக்காரர்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் குடிவைப்பார்கள். நாலுக்குக் கீழே என்றால் அவரவர் வீட்டில் இருந்துகொள்ளலாம். என் எண்படி இருக்கலாம். வலையின் எண்படி கிளம்ப வேண்டும்.

வலை என்பது பக்கத்து அறைக்காரருக்கு நான் வைத்த பெயர். தாள் முழுக்கக் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருப்பார். நான் நீர்மட்டத்தை நடக்க விடுகிறவள். தினமும் அது இரண்டு காரியம் செய்யும்: தன் வழக்கமான உயரத்துக்குத் திரும்பப் பார்க்கும், கூடவே மழை அதற்குத் தற்செயலாக ஒரு தள்ளு கொடுக்கும். இதைத்தான் தற்செயல் வகைக்கெழுச் சமன்பாடு என்று பெரிய பெயரில் எழுதிக்கொள்கிறோம். அப்படி ஒரு லட்சம் மழைக்காலங்களைக் கணினியில் ஓட்டி, அவற்றில் எத்தனை கோட்டைத் தொட்டன என்று எண்ணுவேன். வலை எதையும் நடக்க விடுவதில்லை. கடைசி நாளில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு உயரத்துக்கும் வாய்ப்பை நிரப்பிக்கொண்டே வருவார். அது பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. அதில் தற்செயல் என்ற பேச்சே கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். இது நம்பிக்கை இல்லை, நிரூபணம்.

அப்படியானால் யாரோ ஒருவர் தவறு. நான் இல்லை.

மறுபடி கணக்குப் போட செப்டம்பர் 1 வரை அவகாசம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பத்து லட்சம் மழைக்காலம் ஓட்டினேன். 3.1. நேற்றையதைவிட உறுதியான 3.1. வலைதான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஜூனிலிருந்து இது மூன்றாவது தடவை. அக்கா இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறாள். படித்துக்கொண்டே இருக்கும்போது இரண்டு மூன்று விநாடி எல்லாம் வெளுத்துப்போகிறதாம். மயக்கம் என்றும் சொல்ல முடியாது, விழுவதில்லை. "கரண்ட் ஒரு தடவ போயிட்டு வந்த மாதிரி" என்பாள். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். முந்தைய இரண்டு தடவை போலவே இன்றும் அழகான, ஒழுங்கான மேடு பள்ளம்.

டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை. இரண்டு வாரம் உடம்போடு கட்டிக்கொண்டு திரிகிற ஒரு பதிவுக்கருவி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம். அதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போன் செய்து தேதி வாங்குவது நம் பொறுப்பு.

வரும் வழியில் அக்கா கேட்டாள், "கட்டிக்கணுமாடி?"

மூன்று தடவை பார்த்தாயிற்று, மூன்று தடவையும் நன்றாக இருக்கிறது, முதலில் கண்ணாடியை மாற்று என்றேன். உறை வேலை முடியட்டும், நானே போன் செய்கிறேன் என்றும் சொன்னேன். அவளுக்கும் பிடித்த பதில்தான். ஒயரைக் கட்டிக்கொண்டு போனால் அச்சகத்தில் எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள் என்றாள். சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆறு மணிக்கு அக்கா மகள் போன். படிக்கப் போன ஊரிலிருந்து ஞாயிறு தவறாமல் ஆறு மணிக்குக் கூப்பிட்டுவிடுவாள். அக்கா நன்றாக இருப்பதாகச் சொன்னாள். மகளும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். போன் என் கைக்கு வந்ததும், "நீங்க சித்தி?" என்றாள். நானும் நன்றாகத்தான் இருந்தேன். ஆறேகாலுக்கு வைத்துவிட்டோம்.

டாக்டர் விஷயத்தை அக்கா வாயே திறக்கவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை நேரமாம்.

ஆகஸ்ட் 13, புதன்

என் நீர்மட்டம் நாளைக்கு ஒரு தாவல் தாவும்: இன்று காலை, நாளைக் காலை. அதை அரை நாளுக்கு ஒன்றாக மாற்றினேன். 3.5. கால் நாளுக்கு ஒன்று. 3.7க்குக் கொஞ்சம் மேல்.

தாவலைக் குறைத்தால் விடை ஏன் ஏற வேண்டும்? போன வருடம்வரை, கடைசி நாளில் உயரம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அதற்கு இப்படி ஆனதே இல்லை. சரி, தாவல் பாதியானால் எனக்கும் வலைக்கும் உள்ள இடைவெளியாவது பாதியாக வேண்டாமா? மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இப்படியே நறுக்கிக்கொண்டு போனால் கணினி முடிப்பதற்குள் நிஜ மழையே வந்துவிடும்.

வலையின் கதவு திறந்திருந்தது. கேட்டுவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. "வெயில் ஜாஸ்தி" என்றேன். "ஆமாங்க" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் அக்கா சமையலறை மேசையில் புரூஃப் கட்டைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்னதான் பிரச்சினை என்று கேட்டாள். வலையோடு பேசக் கூடாது. அக்காவோடு பேசக் கூடாது என்று விதியில் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு தடவை நிறுத்தி ஓரத்தில் ஏதோ குறித்தாள், பிழை கிடைத்துவிட்டது போல. "என்ன சொல்லிட்டிருந்த?" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"தண்ணிய நீ எப்பப் பாக்கற?"

"தினம் காலைல."

"மத்தியானம் ஏறித் தொட்டுட்டு, மறுநாள் காலைக்குள்ள எறங்கிட்டா?"

நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

"அடியே, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னா அது பானைக்கு. புத்தகத்துக்கு ஆகுமா? பக்கத்துக்கு மொத வரியும் கடைசி வரியும் படிச்சிட்டுப் பிழையே இல்லன்னு நான் கையெழுத்துப் போட்டா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. உன்னப் பதினோரு வருஷமா வச்சிருக்காங்க பாரு."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு ஒரே வெட்கம், ஒரே சந்தோஷம். பத்து லட்சம் மழைக்காலம் ஓட்டினேனே, அது ஒரே பொய்யைப் பத்து லட்சம் பேரிடம் விசாரித்த கதை. நாளைக் காலை ஏழு மணிக்கே அலுவலகம் போகப் போகிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா சொன்னதேதான். இன்று காலை கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே, நாளைக் காலையும் பத்து கீழே என்றால், என் கணக்கு 'தொடவில்லை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆனால் எங்கள் ஏரி ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் சும்மாவே ஏறி இறங்கும். இரண்டு முனையும் பத்திரமாக இருக்க, நடுவில் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்க எவ்வளவு வாய்ப்பு? அதற்கு ஒரே ஒரு வரிச் சூத்திரம் இருக்கிறது. மாணவியாக இருந்தபோது கரைத்துக் குடித்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

போட்டுப் பார்த்தேன். நூற்றுக்குப் பதின்மூன்று. இரண்டு காலையும் ஐந்து சென்டிமீட்டர்தான் கீழே என்றால் நூற்றுக்கு அறுபது. அறுபது! அத்தனையையும் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒவ்வொரு தாவலுக்கும் அந்த நடு வாய்ப்பைச் சேர்த்தேன். மத்தியானம் மூன்றரைக்கு விடை வந்தது. 4.4. தாவலை அரை நாளாக்கிப் பார்த்தேன். 4.4. அசையவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது, உன் ஏரியை அச்சகத்துக்கு அனுப்பிவை, நான் முழுசாகப் படித்துத் தருகிறேன் என்றாள். சீக்கிரம் படுத்துவிட்டாள். அசதியாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைக்குப் போய்விட்டு வரும்போது அக்கா மாடிப்படியில் நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலைந்து விநாடி. நான் பைகளோடு பின்னால் நின்றேன். பிறகு ஒன்றுமில்லை, கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லி ஏறினாள். வீட்டுக்குள் வந்து தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவள் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு தடவயும் நல்லாத்தானக்கா இருந்துச்சு. ஒண்ணாம் தேதி முடியட்டும்" என்றேன். அதுவும் சரிதான் என்றாள்.

ஆறு மணிக்கு மகள் போன். எல்லாரும் நன்றாக இருந்தோம்.

செப்டம்பர் 1, திங்கள்

4.4. 4.4.

மேலாளர் இரண்டு தாளையும் சேர்த்துப் பின் குத்தி மேலே அனுப்பிவிட்டார். நான்கு தெருக்களுக்கும் இந்த வாரமே அறிவிப்பு போகிறது.

இனிமேல் பேசலாமே, வலை என் அறைக்கே வந்துவிட்டார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்றதற்கு, அக்கா என்றேன். அக்கா கணக்கா என்றார். இல்லை, புரூஃப் என்றேன். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஏன் இந்தச் சிக்கலே வரவில்லை என்று கேட்டேன். "எனக்குக் கோடுதாங்க மொதல்ல. கோட்டு மேல இருக்கற எல்லாக் கட்டத்துலயும் ஒண்ணுன்னு எழுதிட்டுத்தான் மத்ததுக்கே வருவேன். எந்த நிமிஷம் தொட்டாலும் ஒண்ணுதானே" என்றார். போகும்போது மேசையிலிருந்து புதுச் சிவப்புப் பென்சில் ஒன்றை எடுத்து, அக்காவுக்குக் கொடுங்கள் என்றார். அக்கா அதைக் கூர் சீவி, காதில் செருகிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள்.

செப்டம்பர் 3, புதன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். 19ஆம் தேதி, வெள்ளி, காலை பத்து மணி. அதற்கு முன்னால் இல்லையா என்றேன். இருப்பதே நாலு கருவிதான், எப்போது கேட்டாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். சீட்டிலேயே தேதியை எழுதி மாட்டினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்கா போய்விட்டாள். காலை பதினொன்று சொச்சம். அச்சகத்தில், அவள் மேசையில். தூங்குகிறாள் என்று நினைத்தார்களாம்.

செப்டம்பர் 10

எழுத முடியல.

செப்டம்பர் 14, ஞாயிறு

மகள் இங்கே வந்திருக்கிறாள். அக்கா கட்டிலில் படுத்துக்கொள்கிறாள். ஆறு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனைத் திரும்பிப் பார்த்தோம்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சித்தி?" என்று கேட்டாள். தலை சுற்றல் மாதிரி வரும், டாக்டரிடம் போனோம், எல்லாம் சரியாக இருந்தது என்றேன். எல்லாம் உண்மைதான். சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் வந்த அன்றே அதை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

"ஒரு ஞாயித்துக்கிழம விடாமக் கேட்டேனே" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போய் விளக்கைப் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஏன் வரவில்லை, கருவி காத்திருக்கிறது என்றார்கள். அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சரி என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல்.

வலை மாதிரி கடைசி நாளில் உட்கார்ந்துகொண்டு பின்னோக்கி வந்து பார்க்கிறேன். செப்டம்பர் 3இல் கேட்டதற்குப் பதினாறு நாள் கழித்துத் தேதி. ஆகஸ்ட் 8 சாயங்காலமே கேட்டிருந்தால் 25ஆம் தேதிக்குள் கருவியைக் கட்டியிருப்பார்கள். அவள் படியில் நின்றதற்கு மறுநாள். அதற்கு அப்புறமும் இரண்டு வாரம் அவள் உயிரோடு இருந்தாள். அந்த ரெண்டு வாரமும் அது அவ நெஞ்சுல ஒட்டிக்கிட்டு எல்லாத்தையும் எழுதிருக்கும். நடுவுல நடந்ததையெல்லாம்.

மூணு தடவ பாத்தாச்சுன்னு சொன்னேன். யார்? நான். ஏரிக்கு ஒரு காலையும் மறு காலையும் போதாதுன்னு ஊரைக் கூட்டிச் சொன்னவ. பதினெட்டாந்தேதி அதைக் கண்டுபிடிச்சு ஆடினவ, இருபத்துநாலாந்தேதி அக்காகிட்ட மறுபடியும் அதையே சொன்னேன். மூணு தடவயும் நல்லாத்தான இருந்துச்சு. ஊருக்குத்தான் உபதேசம். தண்ணிக்குப் போட்ட கணக்கு கூடப்பொறந்தவளுக்கு ஏன்டி தோணல?

அவள் இருந்தால் சிரிப்பாள். அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

மகள் முந்தாநாள் கல்லூரிக்குத் திரும்பிப் போய்விட்டாள். இன்று சாயங்காலம் அச்சக மேனேஜர் வந்தார். வயதானவர், மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அக்காவின் கண்ணாடி, டிபன் டப்பா, வலை கொடுத்த சிவப்புப் பென்சில், அப்புறம் ஒரு பெரிய காகிதக் கட்டு. மூன்று மாதமாக அவள் பார்த்த புரூஃப்கள். அச்சானதும் எடைக்குப் போட்டுவிடுவார்களாம். இதைப் போட அவருக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதியும் அவள் சுருக்கொப்பமும் இருந்தன. ஓரத்தில் அங்கங்கே பிழைக்கான குறிகள். நடு நடுவே பென்சிலால் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தப் புள்ளி இருக்கும் வரியில் எந்தப் பிழையும் இல்லை. இது என்ன என்று கேட்டேன்.

"அது அச்சகத்துக் குறி இல்லம்மா, அவங்களே வச்சுக்கிட்டது. திடீர்னு வரி தப்பிப்போகுது, எங்க தப்புச்சோ அங்க ஒரு புள்ளி வச்சிட்டுத் திரும்ப அங்கேருந்து படிக்கறேன்னாங்க. கண்ணுதான் காரணம்னு நெனச்சேன். ஒரு பிழையக்கூட அவங்க விட்டதில்ல."

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 25, வியாழன்

லீவு போட்டேன். காலையிலிருந்து மேசையில் பரப்பி எண்ணினேன்.

நாற்பத்து மூன்று புள்ளிகள். முதல் புள்ளி ஜூன் 11. டாக்டரிடம் போன மூன்று வெள்ளிக்கிழமைத் தாள்களிலும் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று வெள்ளிகளுக்கு முன்னாலும் நடுவிலும் பின்னாலும்தான் நாற்பத்து மூன்றும். ஆகஸ்ட் 18, எனக்கு 4.4 வந்த நாள்: மூன்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. பக்கம் 212. ஒரு புள்ளி. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என் ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிழை கிடைத்துவிட்டது போல என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9. பக்கம் 88, மேலிருந்து பதினோராவது வரி. ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு வரி கீழே, ஒரு சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அது திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது. அவள் திரும்பி வந்து படித்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

சிவப்புப் பென்சிலை எடுத்து நானே திருத்தினேன். அதற்கான குறி எது என்று எனக்குத் தெரியாது. விடுபட்ட எழுத்தை மேலே எழுதினேன்.

அக்கா, உன் பக்கத்துல ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கக் கூடாதா நான்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். நல்லா இருக்கேன் சித்தி. நீங்க? நல்லா இருக்கேன். இரண்டு நிமிடம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அதே. ஒன்றரை நிமிடம்.

அக்டோபர் 22, புதன்

ஐந்து நாளாக விடாத மழை. அளவுகல் காவலர் கையெழுத்தில் பதிவேட்டில் இருப்பது: நேற்றுக் காலை கோட்டுக்கு ஒன்பது சென்டிமீட்டர் கீழே. இன்று காலை பதினொன்று கீழே. தொடவில்லை.

காவலர் நேரிலேயே வந்தார், கால்சட்டை முழங்கால் வரை சேறு. நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஏறிக் கோட்டைத் தாண்டி, கரை வழிந்து, நான்கு தெருவிலும் ஒன்றரை மணி நேரம் இடுப்பளவு நின்றுவிட்டு இறங்கியிருக்கிறது. வீடுகள் காலி. ஒரு பூனையைத்தான் மேசைமேலிருந்து தூக்கி வந்தாராம்.

கொஞ்ச நேரம் கழித்து வலை வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மொத உறையே ஒத்துப்போயி 3.1னு போயிருந்தா?" என்றார். பிறகு, "உங்க அக்கா" என்று தொடங்கினார். நான் அழுதேன், அலுவலகத்தில், கதவு திறந்திருக்க. நான்கு தெருவின் எழுநூறு பேருக்கு ஆன அவள் பேச்சு அவளுக்கு ஆகவில்லையே என்றேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. எனக்கு அந்த எழுநூறு பேரும் வேண்டாம், அவள் போதும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பாவம் வேறு வேண்டாம்.

அவர் எழுந்து போகவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மழை ஜாஸ்தி" என்றார். "ஆமாங்க" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மகள் கூப்பிட்டபோது எடுத்தேன். நல்லா இருக்கேன் என்று அவள் சொல்லும்போது பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம், குளியலறைக்குள் நின்று பேசுகிற மாதிரி எதிரொலி. அங்கே ஏன் நிற்கிறாள் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

கேட்டிருக்க வேண்டும். நான் திருந்தவே மாட்டேனா?

நவம்பர் 30, ஞாயிறு

ஆறு மணி. "நல்லா இருக்கேன் சித்தி" என்றாள். நீங்க என்று கேட்டுவிட்டு வைக்கத் தயாரானாள்.

"செவ்வாய்க்கிழம எப்படி இருந்த?" என்று கேட்டேன்.

"எந்தச் செவ்வாய்?"

"போன ஞாயித்துக்கும் இன்னைக்கும் நடுவுல ஒரு செவ்வாய் வந்துச்சுல்ல, அது."

துண்டித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். செவ்வாயன்று வகுப்பில் பாதியில் எழுந்து போய்விட்டாள். புதனும் வியாழனும் படுக்கையை விட்டு எழவில்லை. வெள்ளியன்று யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அதற்காக அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு, குரலைச் சரிசெய்து பார்த்துக்கொண்டு எனக்குப் போன் செய்கிறாள். இரண்டு மாதமாக.

"நீங்க சித்தி? நடுவுல?"

சொன்னேன். திங்கட்கிழமை பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதைச் சொன்னேன். புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன், பக்கம் 212 உட்பட. அப்புறம் சீட்டைப் பற்றியும் சொன்னேன். அதை எடுத்து மறைத்ததையும். ஆகஸ்ட் எட்டாம் தேதி கையில் கிடைத்ததற்கு செப்டம்பர் மூன்றாம் தேதிதான் போன் செய்தேன், உறை வேலை பெரிதாகப் போய்விட்டது, அம்மா கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன். ஒன்று விடாமல், வரி வரியாக.

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியல சித்தி" என்றாள்.

சொல்ல வேண்டாம் என்றேன்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்காது. புதன்கிழம கூப்பிடறேன்" என்றாள்.

மணி ஏழேகால் ஆகியிருந்தது. தாவலைப் பாதியாக்கினால் மட்டும் இடைவெளி பாதியாகிவிடாது என்று எனக்குத் தெரியும். கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மறுபடி ஃபிரிட்ஜ் கதவிலேயே மாட்டினேன்.

டிசம்பர் 3, புதன்

கூப்பிட்டாள். "நல்லா இல்ல சித்தி" என்றாள். நானும் இல்லை என்றேன். பேசிக்கொண்டிருந்தோம்.